காத்தலும் காத்திருத்தலும்

திருவண்ணாமலை தனிமையை நாடுவோர்க்கு நெடுங்காலமாகப் புகலிடமாய் விளங்கிவரும் ஊர். அடிவாரத்தில் அண்ணாமலையார் திருக்கோயிலின் இராசகோபுரம் பதினொரு நிலைகளுடன் 217 அடி உயர்ந்து நிற்கின்றது. அதன் பின்னே எழும் மலையின் குகைகளில் உறவை மறந்து, உரையை ஒழித்து வாழ்ந்த தவசியர் பலர். 1896-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் முதல் நாள், பதினாறு வயது நிரம்பிய இளைஞர் ஒருவர் இவ்வூர் வந்து சேர்ந்தார். பிற்காலத்தே ரமண மகரிஷி என உலகம் போற்றிய பெரியார் அவரே. அவர் நாடி வந்ததும் தனிமையே ஆகும்.

அதே ஊரில் வேறு வகையான தனிமையும் உண்டு. காலை ஒன்பது மணியளவில் தேரோடும் வீதிகளிலும் அவற்றையடுத்த தெருக்களிலும் கதவுகள் ஒவ்வொன்றாய்ப் பூட்டப்படுகின்றன. தந்தை அலுவலகம் செல்கின்றார்; தாய் தம் பணிக்குச் செல்கின்றார்; சிறுவர் பள்ளிக்கு விரைகின்றனர். பூட்டிய ஒரு கதவின் பின்னே, பிறந்து மூன்று திங்களே ஆன நாய்க்குட்டி ஒன்று நின்றுகொண்டிருப்பதாகக் கொள்க. படியிறங்கும் காலடியோசை தேய்ந்து மறையும்வரை அது செவியை நிமிர்த்திக் கேட்கின்றது. பின்னர்க் கதவின் அடியிடுக்கில் மூக்கை வைத்து முகர்கின்றது. மாலை ஐந்து மணிவரை அக்கதவு திறக்கப் போவதில்லை என்பது அதற்குத் தெரியாது.

தவசி தானே நாடிய தனிமை தவம். நாய்க்குட்டிக்கு வாய்த்த தனிமை சிறை. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அறிவது, நாய் வளர்க்க விரும்பும் ஒவ்வோர் இல்லத்தாரின் கடமையாகும்.

நடுகல் கூறும் செய்தி

நாய்க்கும் மனிதனுக்கும் உள்ள உறவு இப்பகுதிக்குப் புதியதன்று. திருவண்ணாமலை மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டத்தில் எடுத்தனூர் என்னும் ஊர் உள்ளது. அங்கே கண்டெடுக்கப்பட்ட நடுகல் ஒன்று முதலாம் மகேந்திரவர்ம பல்லவனது 34-ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்தது. அஃதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாட்டப்பெற்றது. எருமைகளைக் காக்க முனைந்து உயிர்நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுக்கப்பட்ட கல் அது. படைக்கலம் தாங்கி நிற்கும் அவ்வீரனின் பக்கத்தே நாய் ஒன்றும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன். அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியைக் கல்வெட்டு வரிகள் தெரிவிக்கின்றன.

மன்னர் பலரின் பெயரே மறைந்துபோன நாட்டில், ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சிற்றூர் நாயொன்றின் பெயர் கல்லிலே நிலைத்து நிற்பது வியப்பன்றோ! நாய் செய்த உதவியை அக்கால மக்கள் மறவாது போற்றினர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

தமிழ்மொழியில் காத்தல் என்பது ஒரு சொல். காத்திருத்தல் என்பது அதனின்றும் கிளைத்த மற்றொரு சொல். முன்னது பாதுகாத்தலைக் குறிக்கும்; பின்னது ஒருவர் வரவை எதிர்நோக்கி இருத்தலைக் குறிக்கும். இவ்விரண்டையும் ஒருங்கே செய்யும் உயிர் நாய். பூட்டிய வீட்டினுள் இருக்கும்போது அது வீட்டைக் காக்கின்றது. வீட்டாருக்காகக் காத்திருக்கவும் செய்கின்றது. காவலை எதிர்பார்க்கும் மக்கள், காத்திருப்பதன் துன்பத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. அதிலும் இளங்குட்டியின் துன்பத்தை எண்ணுவோர் மிகச் சிலரே.

கூட்டுறவில் பிறந்த உயிர்

நாய் ஓநாய் இனத்தினின்றும் தோன்றியது. ஓநாய்கள் கூட்டமாய் வாழ்வன; கூட்டமாய் வேட்டையாடுவன; ஒன்றன் குட்டியை மற்றவையும் பேணுவன. அவ்வினத்தின் ஒரு பிரிவு, குறைந்தது 15,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதனின் அடுப்பங்கரையை அண்டி வாழத் தலைப்பட்டது. பயிர்த்தொழில் தோன்றுவதற்கு முன்பே, ஆவும் ஆடும் பட்டிக்கு வருவதற்கு முன்பே, நாய் மனிதனின் தோழனாகிவிட்டது. இசுரேல் நாட்டில் ஐன் மல்லாகா என்னுமிடத்தில் ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றை அகழ்ந்தபோது, முதியவர் ஒருவரின் எலும்புக்கூட்டை அறிஞர் கண்டனர். அவருடைய கை, உடன் புதைக்கப்பட்ட சில திங்கள் வயதுள்ள குட்டி ஒன்றின் மேல் வைக்கப்பட்டிருந்தது.

இவ்வாறு பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து பழகியமையால், நாய் தன் கூட்டமாக மனிதனையே கருதுகின்றது. வீட்டாரின் முகக்குறிப்பை அறிந்துகொள்ளும் ஆற்றல் அதற்கு மிகுதி. 2015-ஆம் ஆண்டில் சப்பான் நாட்டு அறிஞர் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். நாயும் அதனை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நெடிது நோக்கும்போது, தாய்க்கும் சேய்க்கும் இடையே அன்பைப் பெருக்கும் ஆக்சிடோசின் என்னும் சுரப்பு இருவர் உடலிலும் மிகுகின்றது என அவர்கள் கண்டனர். எனவே நாயின் அன்பு கவிஞர் புனைந்துரையன்று. அதன் உடலோடு கலந்துவிட்ட இயல்பு என்பது தெளிவாகும்.

பிறந்த மூன்றாம் கிழமை முதல் ஏறத்தாழப் பதினான்காம் கிழமை வரையுள்ள காலம் குட்டிக்கு மிக இன்றியமையாதது. உலகம் அஞ்சத்தக்கதா, நம்பத்தக்கதா என்பதை அது அக்காலத்திலேதான் கற்றுக்கொள்கின்றது. தாயையும் உடன்பிறந்த குட்டிகளையும் விட்டு அது பிரித்துக் கொண்டுவரப்படுவதும் அக்காலத்திலேயே. ஆறேழு குட்டிகளோடு ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சுருண்டு உறங்கிய உயிர், சின்னாளில் ஓசையற்ற வீட்டில் ஒன்பது மணி நேரம் விடப்படுமாயின், அது கற்றுக்கொள்ளும் பாடம் அச்சமன்றி வேறு யாதாகும்?

மலையில் வாழ்ந்த கருப்பன்

தனிமையை விரும்பும் நாய் எங்கேனும் உண்டா என்னும் வினா எழலாம். அதற்கு விடையாக அமைவது, ரமண மகரிஷி தம் அன்பர்க்குப் பிற்காலத்தில் எடுத்துரைத்த சின்னக் கருப்பன் என்னும் நாயின் வரலாறு.

மகரிஷி விரூபாட்ச குகையில் வாழ்ந்த காலத்தில், கருநிறமுள்ள நாய் ஒன்று மலைப்புதர்களிடையே தனித்துத் திரிந்தது. எவரோடும் அது சேர்வதில்லை. ஆள் வரக் கண்டால் விலகிச் செல்லும். புதருக்கு மேலே அதன் தலை மட்டும் சில வேளைகளில் தோன்றி மறையும். குகையில் இருந்தோர் அதனைத் துரத்திப் பிடிக்க முயலவில்லை. அது விரும்பிய தனிமையை மதித்து, அது உலவும் இடத்தருகே உணவை வைத்துவிட்டு அகன்றனர். ஒரு நாள் அவர்கள் மலையேறிச் சென்றுகொண்டிருந்தபோது, கருப்பன் திடீரென்று வழியின் குறுக்கே பாய்ந்து வந்து, அத்தனை பேரிலும் மகரிஷியைத் தேர்ந்து, வாலைக் குழைத்து அவர்மேல் துள்ளி விளையாடியது. அன்று முதல் அது ஆசிரமத்தாருள் ஒன்றாயிற்று. வருவோர் போவோர் எல்லாரிடமும் நட்புப் பூண்டது. அவர்தம் மடியிலேறி அணைந்து கிடந்தது.

அத்தகைய நாயின் உள்ளம் எவ்வளவு மென்மையானது என்பதையும் மகரிஷி எடுத்துக் கூறினார். ஒருமுறை அன்பர் ஒருவர் அதனைக் கடிந்துகொண்டார். குளிரும் மழையும் மிக்க அவ்விரவில் கருப்பன் குகையை விட்டு வெளியேறி, தொலைவில் கிடந்த கரிமூட்டையின்மேல் இரவு முழுவதும் கிடந்தது. காலையிலேதான் அதனை அழைத்துவர முடிந்தது. மற்றொரு நாள், ஆசாரம் மிக்க ஒருவர் வில்வ மரத்தடியில் அமர்ந்து மந்திரம் ஓதிக்கொண்டிருந்தார். கருப்பன் வழக்கம்போல் அன்போடு அவரை அணுகியது. அவர் மனம் வருந்துமே என்று ஆசிரமத்தார் ஒருவர் கோலை எடுத்து மெல்ல அடித்தார். கருப்பன் கதறிக்கொண்டு ஓடிற்று. பின்னர் அது அங்கே மீளவே இல்லை.

இவ்வரலாறு இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றது. கருப்பன் தனித்திருந்தது தன் விருப்பால். அன்பை நாடி வந்ததும் தன் விருப்பால். போகவும் வரவும் மலை முழுவதும் அதற்குத் திறந்தே இருந்தது. இஃது ஒன்று. உடலிற் பட்ட அடியைக் காட்டிலும் உள்ளத்திற் பட்ட அடி நாய்க்குப் பெரிது என்பது மற்றொன்று.

பின்னர் மகரிஷி கந்தாசிரமத்தில் வாழ்ந்தபோது கமலா என்னும் பெண்நாய் அங்கு வந்து சேர்ந்தது. புதிதாய் வருவோரை மலையைச் சுற்றி அழைத்துச் செல்லுமாறு மகரிஷி பணித்தால், அது முன்னே நடந்து, மூர்த்திகளையும் தீர்த்தங்களையும் கோயில்களையும் அவர்கட்குக் காட்டிக் கொணரும். அது முதன்முதலாகக் குட்டி ஈன்றபோது அதனை நீராட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமமிட்டுத் தூய இடத்தில் பத்து நாள் வைத்துப் பேணினர். மகரிஷி விலங்குகளை ‘அது’ என்று சுட்டுவதில்லை; ‘அவன்’ என்றும் ‘அவள்’ என்றுமே வழங்குவார். ஆசிரமத்தில் நாய்களுக்கு முதலிலும், இரவலர்க்கு அடுத்தும், அன்பர்க்கு இறுதியிலும் உணவளிக்க வேண்டும் என்பது அவர் இட்ட கட்டளை. இன்றும் ரமணாசிரமத்தில் இலட்சுமி என்னும் பசுவுக்கும், மான், காகம், ஜாக்கி என்னும் நாய் ஆகியவற்றுக்கும் எழுப்பப்பட்ட சமாதிகளை அருகருகே காணலாம்.

பூட்டிய வீட்டில் ஒரு பகல்

ஆசிரமத்து நாய்க்குப் பகல் முழுவதும் துணை இருந்தது. பணிக்குச் செல்வோர் இல்லத்து நாய்க்கு அப்பேறு இல்லை. அவ்வில்லத்தில் ஒரு பகல் எவ்வாறு கழிகின்றது என்பதைக் காண்க.

வீட்டார் வெளியேறிய முதல் அரைமணி நேரமே குட்டிக்குக் கொடிய வேளை. அது கதவைப் பிறாண்டுகின்றது, முனகுகின்றது, பின் ஊளையிடுகின்றது. அங்குமிங்கும் ஓடி இளைக்கின்றது. வாயினின்று நீர் வடிகின்றது. தட்டில் வைத்த சோற்றை அது ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஓய்ந்தபின் சிறிது உறங்குகின்றது. இளங்குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம்வரை உறங்கக் கூடியது. ஆயினும் அச்சத்தில் அயர்வது உறக்கமாகாது.

பதினொரு மணிக்குள் அதற்குச் சிறுநீர் முட்டுகின்றது. குட்டியின் வயது எத்தனை திங்களோ, அதனுடன் ஒன்று கூட்டினால் வரும் மணிநேரமே அது பொறுத்திருக்க இயலும் என்பது கால்நடை அறிந்தோர் கூறும் பொதுக்கணக்கு. மூன்று திங்கள் குட்டியால் நான்கு மணி நேரத்துக்குமேல் இயலாது; பல குட்டிகளால் அதுவும் இயலாது. ஆகவே தரை நனைகின்றது. இது குற்றமன்று, இயற்கை.

நண்பகலில் வெயில் ஏறுகின்றது. கருங்கல் மலையின் அடிவாரத்தில் அமைந்த திருவண்ணாமலையில் கோடை வெப்பம் கடுமையானது என்பதை யாவரும் அறிவர். மனிதன் உடல் முழுவதும் வியர்த்துக் குளிர்கின்றான். நாய்க்கோ உள்ளங்காலில் மட்டுமே சிறிது வியர்வை உண்டு. நாவைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதே அது தன் உடலைக் குளிர்விக்கும் வழி. தகரக் கூரையின் கீழோ, மொட்டை மாடியிலோ கட்டப்பட்ட குட்டி, உருளும் நிழலைத் தொடர்ந்து செல்லவும் சங்கிலி இடம் கொடாது. நீர்க்கலம் கவிழ்ந்துவிட்டால் அதன் உயிருக்கே ஊறு நேரும். குளிர்நாடுகளில் தோன்றிய அடர்மயிர் இனங்களை இவ்வெயிலில் வளர்ப்போர் இதனை இருமடங்கு எண்ண வேண்டும்.

பிற்பகலில் ஈறு தினவெடுக்கின்றது. நான்காம் திங்கள் முதல் பாற்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். அவ்வேளையில் கடிப்பதற்கு ஏதேனும் வேண்டும். செருப்பு, பாயின் ஓரம், நாற்காலியின் கால், பாடநூல் எதுவாயினும் அதன் வாய்க்குப் பொருளாகும். மின்கம்பியைக் கடித்தாலும் எலிமருந்தை நக்கினாலும் அன்றே அதன் வாழ்வு முடியும்.

மாலையில் கதவு திறக்கின்றது. குட்டி துள்ளிப் பாய்ந்து வருகின்றது. வீட்டாரோ நனைந்த தரையையும் சிதைந்த செருப்பையும் காண்கின்றனர், கையோங்குகின்றனர். குட்டி வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்கி, காதை மடித்து, முகத்தைத் திருப்பிக்கொள்கின்றது. ‘தான் செய்த குற்றம் அதற்கே தெரிகின்றது’ என்று வீட்டார் கூறுகின்றனர்.

அஃது உண்மையன்று. 2009-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் அலெக்சாண்டிரா ஹோரோவிட்ஸ் என்னும் பெண்மணி இதனைச் சோதித்துக் கண்டார். உண்ணலாகாது என்று தடுத்த தின்பண்டத்தை நாயின்முன் வைத்துவிட்டு, வளர்ப்பவரை வெளியே அனுப்பினார். நாய் அதனைத் தின்றதாகச் சிலவேளை வளர்ப்பவரிடம் பொய்யாகவும் கூறினார். பண்டத்தைத் தின்ற நாயாயினும் தின்னாத நாயாயினும், கடிந்துகொள்ளப்பட்டபோதே அது குற்றமுகம் காட்டியது. எனவே அம்முகம் காட்டுவது குற்றவுணர்வன்று. எதிரே நிற்பவரின் சினத்தைக் கண்ட அச்சமே. காலையில் நிகழ்ந்ததற்கு மாலையில் அடித்தால், அடிக்கும் அதற்கும் உள்ள தொடர்பைக் குட்டி அறியாது. வீட்டாரின் வருகையே துன்பந்தருவது என்று மட்டும் அது அறிந்துகொள்ளும். நாள் முழுதும் காத்திருந்த உயிருக்கு இதைவிடக் கொடிய கைம்மாறு உண்டோ?

செய்யத்தக்கன

ஆயின், பணிக்குச் செல்வோர் நாயே வளர்த்தலாகாதா? அங்ஙனமன்று. தனித்திருத்தலும் கற்பிக்கக் கூடிய ஒன்றே. நீந்தக் கற்பிப்போர் சிறுவனை முதல்நாளே ஆழத்தில் தள்ளுவதில்லை. படிக்கட்டில் நிறுத்தி, முழங்கால் அளவு நீரில் இறக்கி, சிறிது சிறிதாகவே பழக்குவர். தனிமையையும் அவ்வாறே பழக்குதல் வேண்டும்.

குட்டி வீட்டுக்கு வந்தவுடன் இல்லத்தார் ஒருவர் சில நாள் விடுப்பெடுத்து உடனிருத்தல் நன்று. பள்ளி விடுமுறையின் தொடக்கம் அதற்கு ஏற்ற காலம். முதலில் ஒரு நிமிடம் வெளியே சென்று, குட்டி அமைதியாய் இருக்கும்போதே திரும்புக. பின்னர் ஐந்து நிமிடம், கால்மணி, அரைமணி என நாளடைவில் நீட்டுக. சாவிக்கொத்தை எடுப்பதும் செருப்பணிவதும் பிரிவின் அறிகுறிகள் எனக் குட்டி விரைவில் அறிந்துகொள்ளும். ஆதலின் வெளியே செல்லாத வேளைகளிலும் அவற்றைச் செய்து, அவ்வச்சத்தைப் போக்குதல் தகும். பிரியும்போது நெடுநேரம் கொஞ்சுவதும், திரும்பியவுடன் ஆரவாரம் செய்வதும் வேண்டா. செலவும் வரவும் இயல்பான நிகழ்ச்சிகள் என்பதைக் குட்டி உணர்தல் நலம்.

காலையில் வீட்டைப் பூட்டுவதற்கு முன் குட்டியை வெளியே கொண்டுசென்று உலாவச் செய்து, விளையாட்டுக் காட்டி, உணவும் அளிக்க வேண்டும். களைத்து, வயிறு நிறைந்த குட்டி உறங்கும். அது இருக்கும் இடம் காற்றோட்டமும் நிழலும் உடையதாதல் வேண்டும். அடியகன்ற கனத்த மண்சட்டியில் நீர் வைத்தல் சிறந்தது. எளிதில் கவிழாது, நீரும் குளிர்ந்திருக்கும். கடிப்பதற்குத் திண்ணிய ரப்பர்ப் பொருளும், படுப்பதற்கு வீட்டாரின் மணம் படிந்த பழந்துணியும் இடுக. வெங்காயம், உலர்ந்த திராட்சை, சாக்கலேட்டு ஆகியன நாய்க்கு நஞ்சாவன. சமைத்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். இவை எட்டாத இடத்தில் இருத்தல் வேண்டும்.

இவை எல்லாவற்றினும் மேலானது நண்பகல் துணை. பிறந்து ஆறு திங்கள் ஆகும்வரை, பகலில் ஒருமுறையேனும் ஒருவர் வந்து, கதவைத் திறந்து, குட்டியை வெளியே கொண்டுபோய், உணவளித்துச் சிறிது நேரம் உடனிருத்தல் இன்றியமையாதது. மூன்று முதல் ஆறு திங்கள் வயதுள்ள குட்டிக்கு நாளொன்றுக்கு மும்முறை உணவு வேண்டுமாதலின், அதன் பொருட்டும் இது தேவையாகின்றது. அண்டை வீட்டு முதியவரோ, அருகில் பணிபுரியும் உறவினரோ இவ்வுதவியைச் செய்யலாம். பால் காய்ச்சும்போது பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பண்பு தமிழகத்துத் தெருக்களில் இன்றும் உண்டு. அப்பண்பின் ஒரு கூறு குட்டிக்கும் கிட்டுமாயின் குறையொன்றுமில்லை. தீபாவளி வெடியோசை மிகும் நாட்களில் குட்டியைத் தனியே விடலாகாது. மனிதன் செவிக்கு எட்டாத நுண்ணொலியும் கேட்கவல்ல அதன் செவிக்கு அவ்வோசை பேரிடியாகும். கார்த்திகைத் தீப நாளில் மக்கள் வெள்ளம் தெருவை நிறைக்கும்போதும் இவ்விழிப்பு வேண்டும்.

துணை தேடித்தரவும் நேரம் ஒதுக்கவும் இயலாதோர் என் செய்வது? குட்டி வளர்க்கும் ஆசையைச் சில காலம் ஒத்திவைப்பதே அவர்க்கு அறம். இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி முதலிய தமிழகத்து வேட்டைநாய் இனங்கள் ஓடிப் பழகியவை. அவற்றை வாங்கி மாடிப்படியின் கீழ்க் கட்டிவைப்பது பெருமையாகாது. ஓர் உயிரின்மேல் கொண்ட அன்பால் அதனை வளர்ப்பது எவ்வளவு சிறந்ததோ, அவ்வன்பாலேயே அதனை வளர்க்காமல் விடுவதும் அவ்வளவு சிறந்தது.

சட்டத்தின் குரல்

இக்கடமை உள்ளத்தைப் பொறுத்தது மட்டுமன்று. நாட்டின் சட்டமும் இதனை வலியுறுத்துகின்றது. கலாட்சேத்திரத்தை நிறுவிய ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, வாயில்லா உயிர்களின் துன்பத்தைத் துடைக்க மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அம்முயற்சியின் பயனாய் 1960-ஆம் ஆண்டில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1962-ஆம் ஆண்டில் விலங்கு நல வாரியம் அமைக்கப்பட்டபோது அம்மையாரே அதன் முதல் தலைவரானார்.

அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவு, முறையற்ற அளவுக்குக் குறுகியதோ கனத்ததோ ஆன சங்கிலியால் விலங்கை நெடுநேரம் கட்டிவைப்பதைக் கொடுமை என்கின்றது. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்கு உரிய நடமாட்டம் அளிக்கத் தவறுதலும், போதிய உணவும் நீரும் உறையுளும் கொடாமையும் அதன்படி குற்றங்களே. 1976-ஆம் ஆண்டில் அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்ட 51-ஏ பிரிவு, உயிர்களிடத்து இரக்கம் காட்டுதலைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக வைத்துள்ளது.

மாலையில் திறக்கும் கதவு

சப்பான் நாட்டுத் தலைநகராகிய தோக்கியோவில், பல்கலைக்கழகப் பேராசிரியர் உவேனோ என்பார் ஹாச்சிகோ என்னும் நாயை வளர்த்துவந்தார். மாலையில் அவர் பணி முடித்துத் திரும்பும்போது சிபுயா புகைவண்டி நிலையத்தில் அது அவரை எதிர்கொள்ளும். 1925-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள், பணிக்குச் சென்ற பேராசிரியர் திடீரென உயிர்நீத்தார். ஹாச்சிகோவுக்கு அதனை எவர் எடுத்துரைப்பார்? அது நிலையத்துக்கு வந்து, இறங்குவோரின் முகங்களை நோக்கியவாறு காத்திருந்தது. ஒரு நாளன்று, ஒரு திங்களன்று. 1935-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தான் இறக்கும்வரை, ஏறத்தாழப் பத்தாண்டுகள் அது காத்திருந்தது. அந்நிலையத்தின் வாயிலில் அதற்கு வெண்கலச் சிலை நிறுவியுள்ளனர்.

எடுத்தனூரில் கல்லில் நின்ற கோவிவன் காத்தலுக்குச் சான்று. சிபுயாவில் வெண்கலத்தில் நிற்கும் ஹாச்சிகோ காத்திருத்தலுக்குச் சான்று. நாய் தன் கடமையில் தவறுவதில்லை. கல்லும் வெண்கலமும் அதற்கு வேண்டுவன அல்ல. நிழலில் ஓரிடம், குளிர்ந்த நீர், நண்பகலில் ஒருமுறை திறக்கும் கதவு, மாலையில் சினமற்ற முகம் ஆகிய இவையே அதற்கு வேண்டுவன.

திருவண்ணாமலைத் தெருக்களில் மாலை விளக்கு ஏற்றப்படுகின்றது. சாவி பூட்டில் நுழையும் ஓசை கேட்டவுடன், பகல் முழுவதும் அவ்வோசைக்காகவே செவி சாய்த்திருந்த சிற்றுயிர் எழுந்து நிற்கின்றது. கதவைத் திறப்பவர் முதலில் காண வேண்டியது சிதைந்த செருப்பையன்று; தமக்காகக் காத்திருந்த அவ்வுயிரையே. தம்மைக் காத்து, தமக்காகக் காத்திருக்கும் உயிரைத் தாமும் காப்பவரே நாய் வளர்க்கும் தகுதி உடையவர் ஆவர்.